வேன் ஓடாத கார்த்திகையும் அடகில் கிடக்கும் ஆறு பவுனும்

கேள்வி: மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் வேன் வைத்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஹயர் (வாடகை) ஓடுகிறேன், ஒரு ஹயர் 45,000 ரூபாய். வேனுக்கான லீசிங் தவணை மாதம் 68,000. 2025 கார்த்திகையில் டித்வா புயல் வந்தபோது, மார்கழிக்கு வரவிருந்த வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக ஒன்பது ஹயருக்கு ஐப்பசியிலேயே அட்வான்ஸ் வாங்கி லீசிங்குக்குக் கட்டியிருந்தேன். பாதை மூடியதால் ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். தலைக்கு 15,000 வீதம் 90,000 திருப்பிக் கொடுக்க மனைவியின் நகையை அடகு வைத்தேன். முந்தைய வருடங்களிலும் இப்படித்தான். இப்போது ஆறு பவுன் அடகில், மொத்த அடகு 310,000, வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டரை. மழைக்காலத்துக்குக் கைகொடுக்கும் என்று மருமகன் மாதம் 12,000 கட்டும் காப்புறுதித் திட்டம் ஒன்றில் சேரச் சொல்கிறார். சேரலாமா?

பதில்: தம்பி, மாரியில் பொலன்னறுவைப் பக்கம் மன்னம்பிட்டியில் மகாவலி ஏறும், ஹபரணைப் பாதை மூடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1978 சூறாவளியும் கார்த்திகையில்தான் வந்தது. ஒவ்வொரு வருடமும் வருகிற மாதத்தை ஏன் ஒவ்வொரு வருடமும் திடீர்ச் செலவாக எடுக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். உங்களைக் கவிழ்த்தது வெள்ளமில்லை. ஐப்பசியில் வாங்கிய அட்வான்ஸை ஐப்பசியிலேயே லீசிங்குக்குக் கட்டிவிட்டீர்கள், அதுதான். வேன் வாசலை விட்டு இறங்கும் வரை அந்தக் காசு பயணியினுடையது. அதைச் செலவழித்தால் வட்டியில்லாக் கடன் வாங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மழை பெய்ததும் அது வட்டிக் கடனாகிறது.

வட்டியைக் கொஞ்சம் பாருங்கள். 310,000க்கு மாதம் 7,750. வருடத்துக்கு 93,000. ஒரு கட்டுநாயக்கா ஹயர் 45,000 என்று எழுதியிருக்கிறீர்கள். போகவர அறுநூறு கிலோமீற்றருக்கு மேல், டீசலுக்கே ஏறக்குறைய 17,000 போய்விடும். சாப்பாடு, டயர், சர்வீஸ் என்று ஆறாயிரம் கழித்தால் கையில் 22,000. ஆக வருடத்தில் நாலு ஹயருக்கும் மேல், நாலு இரவு கண் விழித்து, அடகுக்கடைக்காரருக்காக ஓடுகிறீர்கள். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை.

இனி கசப்பான மருந்து. ஒரு நகையை விற்றுவிடுங்கள். இன்று ஒரு பவுன் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. பழைய நகை என்று கழிவு பிடித்தாலும் ஒன்றரைப் பவுனுக்குள் முழு அடகும் தீரும், மிச்சம் நாலரைப் பவுன் வீட்டுக்கு வரும். தாலிக்கொடியைத் தொட வேண்டாம், காப்போ சங்கிலியோ போதும். நகை மனைவியுடையது, ஆகவே முடிவும் அவருடையது. இந்த 93,000 கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்துப் பேசுங்கள். ஆறு பவுனையும் ஏலத்தில் இழப்பதை விட இது நல்லது என்று அவருக்கே தெரியும். (நகை விற்றால் ஊர் என்ன சொல்லும் என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. அடகுக்கடைக்கு வருடாவருடம் போவதை ஊர் பார்க்கவில்லையா என்ன?)

அப்புறம், மனைவி பெயரில் தனியாக ஒரு சேமிப்புப் புத்தகம். அட்வான்ஸ் எல்லாம் அதற்குள். ஏரிஎம் அட்டை எடுக்க வேண்டாம். அதே புத்தகத்தில் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை ஹயருக்கு 4,000 வீதம் போடுங்கள். பாசிக்குடாவும் அறுகம்பேயும் களைகட்டும் காலம், கதிர்காமத் திருவிழாவும் அதற்குள் வரும். மாதம் எட்டு ஹயர் என்றால் ஆறு மாதத்தில் 192,000. மழைக்கால லீசிங் இரண்டு மாதத்துக்கு 136,000 போக, வீட்டுக்கும் 56,000 இருக்கும்.

பயணிகளிடமும் முதலே பேசுங்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் நாலு வரி: பாதை மூடினால் அட்வான்ஸ் வேறு திகதிக்கு மாறும். சுற்றிப் போனால் மேலதிக டீசல் அவர்களுடையது. மழைக்காலத்தில் ஒரு நாள் முந்திப் புறப்பட்டு நீர்கொழும்பில் தங்க வேண்டும். மகியங்கனை வழி பதினெட்டு வளைவு மண்சரிவுக்குப் பேர்போனது, அதை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள். அம்பாறை, சியம்பலாண்டுவை, மொனராகலை வழியாக மத்தளைக்கு இறங்கி அதிவேகப் பாதையைப் பிடிக்கலாம். நூறு கிலோமீற்றருக்கு மேல் கூடும், அந்தச் செலவை இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்டத்தில் மன்னம்பிட்டி என்று ஒரு வரி இருக்கும். புறப்படுமுன் அதைப் பாருங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் ஒரு அழைப்பு எடுங்கள்.

சரி, மருமகனின் திட்டம். மாதம் 12,000, வருடத்துக்கு 144,000. பாதை மூடி வேன் நின்ற நாளுக்கு இப்படியான திட்டம் பெரும்பாலும் சதமும் தராது. இடையில் கட்டாமல் விட்டால் கட்டியதிலும் பெரும்பகுதி போகலாம், நீங்கள் கட்டாமல் விடப்போவதும் கார்த்திகையில்தான். காப்புறுதி என்றால் முதலில் வேனுடைய பத்திரத்தை எடுத்து, வெள்ளச் சேதம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல பத்திரங்களில் அது தனியாகக் கேட்டு வாங்க வேண்டியது. மருமகன் கோபித்துக்கொண்டால், அடகுச் சீட்டு முழுவதும் திரும்பி வந்த பிறகு பேசுவோம் என்று சொல்லி ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள்.