முதல் டைவிங் வாட்ச்: ஒமேகாவா, டியூடரா?

கேள்வி: நான் கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். வயது 36. அப்பா கொடுத்த எச்.எம்.டி. ஜனதாவை நெடுநாள் கட்டினேன். அது நின்றுபோன பிறகு சாதாரண குவார்ட்ஸ் வாட்ச்தான். நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில், ஆயுள் முழுவதும் கட்டக்கூடிய ஒரு சுவிஸ் டைவிங் வாட்ச் வாங்க விரும்புகிறேன். ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300எம், டியூடர் பிளாக் பே ஃபிஃப்டி எயிட் ஆகிய இரண்டுக்கும் இடையே முடிவெடுக்க முடியவில்லை. டியூடருக்கு வேண்டிய பணம் கையில் இருக்கிறது. ஒமேகா என்றால் மீதிக்குத் தவணைக் கடன் போட வேண்டும். என் மணிக்கட்டின் சுற்றளவு 16 செ.மீ. அந்தமானில் ஒருமுறை ஸ்கூபா இறங்கியிருக்கிறேன், முறையாகக் கற்க ஆசை. தண்ணீர் தாங்கும் ஆழத்தில் ஒமேகாவின் 300 மீட்டருக்கும் டியூடரின் 200 மீட்டருக்கும் வித்தியாசம் பெரியதா? டியூடரில் ஹீலியம் வால்வு இல்லாதது குறையா? தொழிற்சாலையில் காந்தங்களுக்கு நடுவே வேலை செய்வது பாதிக்குமா? பிற்காலத்தில் எது நல்ல விலைக்குப் போகும்? ஜனதாவை என்ன செய்யலாம்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், டியூடரையே வாங்குங்கள் என்பேன். ஒமேகா தாழ்ந்தது என்பதால் அல்ல. இயந்திர நுட்பத்தில் அதுதான் ஒரு படி மேல். ஆனால் உங்கள் மணிக்கட்டு, உங்கள் கையிருப்பு, உங்கள் அன்றாடம் ஆகிய மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஒரே ஒரு காரணத்துக்காக மட்டும் இந்தத் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் மணிக்கட்டு. ஒமேகாவின் விட்டம் 42 மி.மீ., டியூடரின் விட்டம் 39 மி.மீ. என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். உண்மையில் பார்க்க வேண்டிய அளவு, பட்டை மாட்டும் கொம்புகளில் மேல் கொம்பின் நுனியிலிருந்து கீழ்க் கொம்பின் நுனி வரையுள்ள நீளம். ஒமேகாவில் அது ஏறத்தாழ 50 மி.மீ., டியூடரில் 48 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 16 செ.மீ. சுற்றளவுள்ள கையின் மேற்புறத் தட்டைப் பகுதி பெரும்பாலோருக்கு 50 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே ஒமேகா உங்கள் கையின் விளிம்பு வரை போய் நிற்கும். டியூடர் கைக்குள் அடங்கும். தடிமனும் அப்படியே: ஒமேகா சுமார் 13.5 மி.மீ., டியூடர் 11.9 மி.மீ. முழுக்கைச் சட்டையின் பட்டனைப் போட்டுவிட்டு நாளெல்லாம் கையை நீட்டி மடக்குகிறவருக்கு இந்த ஒன்றரை மில்லிமீட்டர் பெரிய விஷயம். கடையில் கையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள், எந்த வாட்சும் அப்போது பெரிதாகத்தான் தெரியும். கையைத் தொங்கவிட்டு, ஆளுயரக் கண்ணாடியில் நான்கடி தள்ளி நின்று பாருங்கள். பிறர் பார்வைக்கு அது எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் புரியும்.

ஆழக் கணக்கு உங்களைக் குழப்ப வேண்டியதில்லை. பொழுதுபோக்காக ஸ்கூபா செய்வோருக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட எல்லை 40 மீட்டர். அந்தமானில் நீங்கள் செய்தது போன்ற அறிமுக டைவில் 12 மீட்டருக்குக் கீழே அழைத்துச் செல்வதே வழக்கமில்லை. டைவிங் வாட்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரநிர்ணயம் குறைந்தபட்சம் 100 மீட்டர் கேட்கிறது; அதிலும் குறிப்பிட்ட ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறது. எனவே 200 மீட்டர் என்பதே உங்களுக்குத் தேவைக்கு மிஞ்சியது.

ஹீலியம் வால்வு வேறு உலகத்துக்கானது. கடலடி எண்ணெய்க் குழாய் வேலைக்குச் செல்லும் தொழில்முறை டைவர்கள், அழுத்தம் ஏற்றப்பட்ட உலர்ந்த அறைக்குள் நாள்கணக்கில் தங்கி, ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஹீலியம் அணு மிகச் சிறியது என்பதால் ரப்பர் வளையங்களைத் தாண்டி வாட்சுக்குள் புகுந்துவிடும். அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது உள்ளே சிக்கிய வாயு விரிந்து கண்ணாடியையே பெயர்த்துவிடக்கூடும். அதை வெளியேற்றவே அந்த வால்வு. சிலிண்டரில் சாதாரணக் காற்றை நிரப்பிக்கொண்டு கடலில் இறங்குகிற ஒருவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஒமேகாவின் பத்து மணிப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் அந்தத் திருகைச் சிலர் அழகு என்பார்கள், சிலர் இடைஞ்சல் என்பார்கள். அது ரசனையைப் பொறுத்தது, அவ்வளவுதான்.

தண்ணீர் உண்மையில் எங்கே நுழைகிறது என்றால், நேரம் திருத்துவதற்காக நாம் இழுக்கும் திருகு வழியாகத்தான். என் நண்பர் ஒருவர் பாண்டிச்சேரியில் காலையில் நேரத்தைச் சரிசெய்துவிட்டு, திருகை அழுத்திச் சுழற்றி மூட மறந்தபடியே கடலில் இறங்கினார். ஆழம் இடுப்பளவுதான். கரையேறிய பத்தாவது நிமிடத்தில் கண்ணாடிக்கு உட்புறம் மூன்று மணிக்கு நேரே சிறு பனித்திட்டு படிந்தது. மதியத்துக்குள் டயல் முழுவதும் வெண்மை. ஆயிரம் மீட்டர் தாங்கும் வாட்சாக இருந்தாலும் அன்று அதே கதிதான். தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன் திருகைத் தொட்டுப் பார்ப்பதை, வண்டியை எடுக்குமுன் ஸ்டாண்டைத் தள்ளுவது போன்ற பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெந்நீர்க் குளியலும் சோப்பும் ரப்பர் வளையங்களுக்கு ஆகாது. கடலுக்குப் போய் வந்தால் திருகு மூடியிருப்பதை உறுதிசெய்துகொண்டு நல்ல தண்ணீரில் அலசி, பெசல் என்ற சுழலும் வெளிவளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றி உப்பை வெளியேற்றுங்கள்.

பெசல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த வெளிவளையம் ஏன் ஒரு பக்கமாக மட்டும் சுழல்கிறது தெரியுமா? இறங்கும்போது அதன் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், நீருக்குள் கழிந்த நிமிடங்களை அப்படியே படிக்கலாம். பாறையிலோ படகிலோ இடித்து வளையம் நகர்ந்தாலும், கழிந்த நேரத்தை அது கூட்டித்தான் காட்டுமே தவிர ஒருபோதும் குறைத்துக் காட்டாது. டைவர் சீக்கிரம் மேலேறுவார், காற்றுத் தீர்ந்து தவிக்க மாட்டார். ஒமேகாவில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இருட்டில் மற்ற முட்களும் குறிகளும் நீலமாக ஒளிர, நிமிட முள்ளும் பெசலின் புள்ளியும் மட்டும் பச்சையாக ஒளிரும். நீருக்கடியில் தேவைப்படுவது அவை இரண்டுமே. இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஈரக்கையால் அதன் அலைவிளிம்புப் பெசலைத் திருப்புவது சிரமம். நாணய விளிம்பு போல வரியிட்ட டியூடர் பெசல் விரலுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. ஒமேகாவின் பெசல் செராமிக், கீறல் விழாது, பலமாக அடிபட்டால் உடையலாம். டியூடரின் பெசல் அலுமினியம், கீறும், ஆண்டுகள் போகப் போக நிறம் மங்கும். பழைய வாட்சுகளை நேசிப்பவர்கள் அந்த மங்கலைத்தான் தேடி அலைகிறார்கள்.

காந்தம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. இதில்தான் ஒமேகா தெளிவாக முந்துகிறது. அதன் 8800 இயந்திரம் சுவிஸ் அரசின் அளவியல் நிறுவனமான மேட்டாஸின் சோதனையில் தேறி, 15,000 காஸ் காந்தப்புலத்தைத் தாங்குகிறது. நாளொன்றுக்கு 0 முதல் +5 வினாடிக்குள் ஓட வேண்டும் என்பதும் அந்தச் சோதனையின் நிபந்தனை. சாதாரணக் காந்த எதிர்ப்புத் தரமோ சுமார் 60 காஸ்தான். ஆனாலும், இண்டக்‌ஷன் மோட்டாரில் நிலைக்காந்தம் இல்லை என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். நியோடிமியம் என்ற வலுவான நிலைக்காந்தம் பதித்த ரோட்டர்களை, அதாவது மோட்டாரின் சுழலும் பாகங்களைக் கையாளும் இடம்தான் ஆபத்து. அவற்றின் மேற்பரப்பில் சில ஆயிரம் காஸ் இருக்கும். டியூடரின் எம்.டி.5402 இயந்திரத்தில், துடிப்பைச் சீராக வைக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் சிலிக்கானால் ஆனது, காந்தம் அதைத் தொடாது; பிற எஃகுப் பாகங்கள் பாதிக்கப்படலாம். திடீரென்று நேரம் வழக்கத்துக்கு மாறாக விலகினால் காந்தமேறிவிட்டது என்று சந்தேகியுங்கள். வாட்ச் கடையில் காந்தநீக்கக் கருவியில் வைத்து ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்கள். நீங்கள் தினமும் ரோட்டர் பொருத்தும் மேசையிலேயே நிற்பவர் என்றால் மட்டும் என் தீர்ப்பு மாறும்: அப்போது ஒமேகாதான் சரி. அல்லது 2025இல் வெளிவந்த பர்கண்டி நிற ஃபிஃப்டி எயிட்டைப் பாருங்கள். அதே 39 மி.மீ. அளவில் மேட்டாஸ் சான்றுடன் வருகிறது.

கையிலிருந்து கழற்றிய பிறகும் ஓடும் நேரத்தில் டியூடருக்கு 70 மணி நேரம், ஒமேகாவுக்கு 55. வெள்ளி இரவு ஏழு மணிக்குக் கழற்றித் திங்கள் காலை ஏழு மணிக்குக் கட்டினால் இடைவெளி 60 மணி நேரம். டியூடர் ஓடிக்கொண்டிருக்கும், ஒமேகா நின்றிருக்கும். சனிக்கிழமையும் வேலை உள்ள தொழிற்சாலை என்றால் இந்த வித்தியாசமே எழாது. தேதி ஒமேகாவில் ஆறு மணியருகே உண்டு, டியூடரில் இல்லை. படிவங்களில் நாள்தோறும் கையெழுத்திடுகிறவர் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் பின்னால் நல்ல மரபு இருக்கிறது. சீமாஸ்டர் என்ற பெயர் 1948இலிருந்து வருகிறது. டைவர் 300எம் 1993இல் வந்தது, 2018இல் புதுப்பிக்கப்பட்டது. அதற்குள் துடிக்கும், சுருள்வில்லின் விசையைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் கோ-ஆக்ஸியல் அமைப்பு ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் தனியாளாகக் கண்டுபிடித்தது. 1999இல் ஒமேகா அதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டயலின் அலைக்கோடுகளோ செராமிக் தகட்டில் லேசரால் செதுக்கப்பட்டவை. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு பள்ளமும் நிழல் காட்டும். டியூடர், ரோலெக்ஸைத் தொடங்கிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் தொடங்கிய நிறுவனம். 1958இல் வந்த, 200 மீட்டர் தாங்கிய அதன் டைவிங் வாட்சின் நினைவாகத்தான் ஃபிஃப்டி எயிட் என்ற பெயர். பிரெஞ்சுக் கடற்படை டியூடர்களை ஆண்டுக்கணக்கில் பணியில் பயன்படுத்தியிருக்கிறது.

மறுவிற்பனை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இவ்விரண்டில் எதையும் முதலீடாக நினைக்காதீர்கள். கடையை விட்டு வெளியே வந்ததுமே இரண்டும் விலை குறையும். ஆயுள் முழுவதும் கட்டப்போகிறவருக்கு அந்தக் கணக்கு தேவையும் இல்லை. ஒமேகா ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விலை. அந்த வித்தியாசத்துக்காக மாதாமாதம் தவணை கட்டினால், வட்டி ஒருபுறம் இருக்க, கீறல் விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே வாட்சைப் பீரோவில் பூட்டிவைப்பீர்கள். நான்கு ஆண்டு சேமிப்பு பீரோவில் கிடப்பதை நான் விரும்பவில்லை.

அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள். இரண்டு நிறுவனங்களும் ஐந்தாண்டு வாரன்டி தருகின்றன. அட்டையில் தேதியும் வரிசை எண்ணும் பதிவாகியிருக்கிறதா, பின்மூடியிலோ கேஸிலோ உள்ள எண்ணோடு அது ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது; ரொக்கம் கொடுத்தால் பில் இல்லாமல் குறைத்துத் தருவதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினர் மூலம் வாங்கி வரச்சொன்னால், விமான நிலையத்தில் அறிவித்துச் சுங்கவரி கட்ட வேண்டியிருக்கும். அதையும் கூட்டிப் பார்த்த பிறகு மிச்சம் என்ன என்று கணக்கிடுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் முழு சர்வீஸ் செலவையும் மறக்க வேண்டாம். கடலில் இறங்குவதாக இருந்தால் ஆண்டுக்கொருமுறை அழுத்தச் சோதனை செய்துகொள்வது நல்லது.

இனி ஜனதா. அதைத் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். கையால் சாவி கொடுக்கும், உராய்வைக் குறைக்க 17 ஜூவல் கற்கள் பதித்த இயந்திரம் அது. பழுது பார்ப்பது எளிது, உங்கள் ஊரிலேயே பழைய கைகள் இன்னும் இருக்கின்றன. நின்றுபோனதற்குப் பெரும்பாலும் எண்ணெய் உலர்ந்ததோ, சாவி கொடுக்கும்போது முறுக்கேறும் மெயின்ஸ்பிரிங் அறுந்ததோதான் காரணமாக இருக்கும். பிரித்துக் கழுவி, எண்ணெய் போட்டு ஓடவைக்கச் சொல்லுங்கள். ஆனால் கொடுக்கும்போதே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: டயலுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கக் கூடாது, முட்களை மாற்றக் கூடாது. மாற்றியே ஆக வேண்டிய பாகம் எதுவானாலும், கழற்றிய பழையதை ஒரு சிறு கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள்.