குடும்ப டாக்டர்களுக்கு உளவியல் சிகிச்சைப் பயிற்சி கொடுத்தால் நிஜமாகவே பலன் இருக்குமா?

இருக்கும். ஆனால் இரண்டு நாள் வகுப்பு, கடைசியில் ஒரு சான்றிதழ் என்று முடிகிற பயிற்சியில் இல்லை. குடும்ப மருத்துவராக அதையும் பார்த்தேன், இன்னொரு விதத்தையும் பார்த்தேன்.

முதலாவதில் மனச்சோர்வின் அறிகுறிகளை மனப்பாடம் செய்ததோடு சரி. "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு எங்களிடம் வருபவர்கள் குறைவு. தலைவலி, அசதி, படபடப்பு என்றுதான் வருவார்கள்.

இரண்டாவதில் ஒருவர் நோயாளியாக நடிக்க, நான் டாக்டர். பதிவுசெய்து போட்டுக் காட்டினார்கள். அவர் "வீட்டிலயும் கொஞ்சம்..." என்று இழுக்கிறார்; நான் புகுந்து, "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்கிறேன். கூசிப்போனேன். (1984-இல் பெக்மனும் ஃபிராங்கலும் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். நான் அதையும் முந்திவிட்டேன்.)

கற்றது எளிய முறைகள்தான். ஒன்று, பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை. நோயாளி தன் தொல்லைகளை எழுதி, தன் கைக்கு எட்டுகிற ஒன்றை எடுத்து, நாலைந்து வழி யோசித்து, ஒன்றை அடுத்த வாரத்துக்குள் செய்துபார்க்க வேண்டும். யோசனை அவரிடமிருந்து வர வேண்டும். எங்களுக்கு இதுதான் பெரும்பாடு, அறிவுரை நாக்கு நுனியிலேயே நிற்கும். இன்னொன்று, மனம் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் விட்டுப்போன சின்ன வேலைகளை மறுபடி தொடங்கவைப்பது.

மனச்சோர்வை அளக்க உதவும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறதா என்பது. கேட்டால் நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயந்தேன். கேட்பதால் அந்த நினைப்பு வருவதில்லை. ஆனாலும் நடிப்பில் பத்துத் தடவை வாய்விட்டுக் கேட்டுப் பழகிய பிறகுதான் நிஜத்தில் குரல் தடுமாறாமல் வந்தது.

அப்புறம், மாதம் ஒருமுறை மனநல மருத்துவர் ஒருவரோடு உட்கார்ந்து எங்கள் கேஸ்களைப் பேசுவோம். 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் குடும்ப மருத்துவர்களைக் கூட்டி நடத்தியதும் இதுபோன்ற ஒன்றுதான். எங்கள் கூட்டம் நின்ற சில மாதங்களில் நான் பழையபடி தூக்க மாத்திரை எழுத ஆரம்பித்திருந்தேன்.

நேரமும் வேண்டும். காத்திருப்பு அறை நிரம்பி வழியும்போது யாரும் "இன்னும் சொல்லுங்க" என்று சொல்லப்போவதில்லை. வாரத்தில் ஒரு பிற்பகலை இதற்கென்றே, ஆளுக்கு அரைமணி நேரமாக ஒதுக்கினேன். தற்கொலைத் திட்டம் வைத்திருப்பவர், மனச்சிதைவு உள்ளவர் என்றால் அன்றே மனநல மருத்துவருக்குப் போன் போட்டுவிடுவேன்.