ஏழாம் மாதமே அம்மா வீட்டுக்குப் போகணுமா?

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் ஓசூரில் வேலை. அவளுக்கு இப்போது ஆறாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு மானாமதுரைக்கு அழைத்துப் போய்விடுவோம், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று பிடிவாதமாக இருக்கிறார் அவள் அம்மா. அவளோ இங்கே பார்க்கிற டாக்டரிடமே பெற்றுக்கொள்கிறேன், முடிந்தவரை வேலைக்கும் போகிறேன் என்கிறாள். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது?
(வாசகர், ஓசூர்)

பதில்: பெறப்போகிறவர் சொல்வதைத்தான். இதில் உங்களுக்கு நடு என்று ஓர் இடமே கிடையாது, சும்மா அங்கே போய் உட்கார்ந்துகொள்ளாதீர்கள்.

அதற்காக அத்தையைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கவும் வேண்டாம். மாமியார் வீட்டில் இருக்கிற பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள், பசிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்கமாட்டாள், அம்மா வீட்டுக்குப் போனால்தான் கொஞ்ச நாளாவது காலை நீட்டி உட்காருவாள் என்று தெரிந்த பெரியவர்கள் செய்த ஏற்பாடு அது. அன்றைக்குப் பெண்ணுக்குக் கிடைத்த பேறுகால விடுப்பு அது ஒன்றுதான். உங்கள் வீட்டு நிலைமை வேறு. நீங்கள் இரண்டே பேர், விடுப்பைக் கொடுப்பது கம்பெனி.

அந்த விடுப்புக் கணக்கை யாரும் போட்டுப் பார்த்த மாதிரி தெரியவில்லை, அதனால் நான் போடுகிறேன். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் (பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது அந்தக் கம்பெனியில் வேலை பார்த்திருக்க வேண்டும்). அதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்கலாம். ஏழாம் மாதமே கிளம்பினால் பிரசவத்துக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வாரம் இருக்கும், 8 போக மீதிக்குச் சொந்த லீவு, அதுவும் இல்லையென்றால் சம்பளம் போகும். அப்படி 8 வாரத்தையும் முன்னாலேயே தின்றுவிட்டால் குழந்தைக்கு 18 வாரம், அதாவது நாலு மாதம் சொச்சத்தில் அவர் ஆபீசில் உட்கார்ந்திருப்பார். உடம்பு ஒத்துழைத்து, டாக்டரும் சரி என்று சொல்லி, கடைசி இரண்டு வாரத்துக்கு முன்பு வரை வேலை பார்த்தால் 24 வாரம் குழந்தையோடு இருக்கலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறார்களே, அது கிட்டத்தட்ட நிறைவேறும். இந்தக் கணக்கை அத்தைக்குப் போன் போட்டு நீங்களே சொல்லுங்கள். மகள் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாகப் படும், மாப்பிள்ளை சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். நியாயம் இல்லைதான், ஆனால் நம் வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன.

அப்புறம், அத்தையை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். வளைகாப்பை அவர் ஆசைப்படி அங்கேயே வையுங்கள், பயணத்துக்கு டாக்டர் சம்மதித்தால். ஒன்பதாம் மாதம் அவர் ஓசூர் வந்து தங்கட்டும். தையல் ஆறிய பிறகு தாயும் பிள்ளையும் மானாமதுரை போய் பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு என்று பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும். ஒருவேளை உங்கள் மனைவியே மனம் மாறி அங்கே பெற்றுக்கொள்கிறேன் என்றால் அதுவும் சரிதான். ஆனால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அடங்கிய ஃபைலோடு புது டாக்டரைச் சீக்கிரமே போய்ப் பார்த்துவிட வேண்டும், வலி வருகிற நேரத்தில் போய் அறிமுகம் செய்துகொள்ள முடியாது.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் வேறு. பயந்து நிறுத்திவிட்டேன். பீட்ரூட், மாதுளை சாப்பிட்டுச் சமாளிக்கலாம்தானே?
(வாசகி, திருப்பூர்)

பதில்: சமாளிக்க முடியாது. உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியேறுவதால் வருகிற கறுப்பு அது, பயப்பட ஒன்றுமில்லை. பீட்ரூட் சிவப்பாக இருக்கிறதே தவிர நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது, மாதுளையில் அதைவிடவும் குறைவு. அரசு கொடுக்கிற மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று அர்த்தம், பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் கூடுதலாகப் போனாலும் அந்த உடம்பு தாங்காது.

குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு, படுக்கப் போகும்போது போட்டுப் பாருங்கள். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக உறிஞ்சும். டீ, காபியோடு போட்டால் பெரும்பகுதி வீண், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாக விழுங்காதீர்கள், ஒன்று காலை என்றால் இன்னொன்று இரவு. தண்ணீர், கீரை, கொய்யா எல்லாம் மலச்சிக்கலுக்கு உதவும். அப்படியும் முடியவில்லையா, நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை உண்டு, ட்ரிப்ஸில் ஏற்றுகிற மருந்தும் உண்டு. டாக்டர் திட்டுவாரே என்று மாத்திரையை ஒளித்து வைக்கிறவர்கள்தான் அதிகம். திட்டினால் திட்டட்டும்.

கேள்வி: குங்குமப்பூ போட்ட பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா?
(வாசகி, சேலம்)

பதில்: பிறக்காது. நிறம் உங்கள் இருவரின் மரபணுவில் இருக்கிறது. கிராமுக்குப் பல நூறு ரூபாய் கொடுக்கிற அந்தக் காசில் முட்டை வாங்குங்கள். கறுப்பாகப் பிறந்தால்தான் என்னவாம்?

கேள்வி: அடுத்த வாரம் ஐந்தாம் மாத ஸ்கேன். ஆணா பெண்ணா என்று சொல்கிற இடம் ஒன்று தனக்குத் தெரியும் என்கிறார் என் மாமியார். “சும்மா தெரிஞ்சுக்கத்தானே” என்று கணவரும் தலையாட்டுகிறார். எனக்குப் பிடிக்கவில்லை.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: போகாதீர்கள். 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. சொல்கிறவருக்கு மட்டும் இல்லை, கேட்டுப் போகிறவருக்கும் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது: கர்ப்பிணி அங்கே போனால், வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, கணவரோ உறவினரோதான் வற்புறுத்தினார்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்தை உங்கள் கணவர் கண்ணில் படுகிற மாதிரி மேஜைமேல் வைத்துவிடுங்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் குழந்தையின் இதயம், முதுகெலும்பு, மூளை, சிறுநீரகம் எல்லாம் சரியாக உருவாகியிருக்கிறதா என்று பார்க்கத்தான். அதை ஒழுங்காகப் பார்க்கிற இடத்தில் எடுங்கள். மாமியார் தெரிந்துகொள்ள இன்னும் நாலு மாதம் காத்திருக்கலாம்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ‘பேக்கேஜ்’ என்று பெரிய தொகை சொல்கிறார்கள். இப்போது இன்ஷூரன்ஸ் எடுத்தால் உதவுமா? எங்கே போனாலும் சிசேரியன்தான் என்று பயமுறுத்துகிறார்கள்.
(வாசகர், கோவை)

பதில்: இந்தப் பிரசவத்துக்கு உதவாது. தனியாக எடுக்கிற பாலிசிகளில் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், கர்ப்பம் உறுதியான பிறகு எடுத்துப் பிரயோஜனமில்லை. உங்களுக்கோ மனைவிக்கோ ஆபீஸ் குரூப் பாலிசி இருந்தால் அதில் பிரசவத்துக்கு எவ்வளவு என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள், பல கம்பெனிகள் முதல் நாளிலிருந்தே தருகின்றன. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்றும் சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

சிசேரியன் பயம் வெறும் வதந்தி இல்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவம் சிசேரியன். தேவைப்படும்போது அது உயிரைக் காப்பாற்றும் ஆபரேஷன், அதைக் குறை சொல்லவில்லை. எனவே டாக்டரிடம் முன்கூட்டியே நேராகக் கேளுங்கள்: எந்தெந்த நிலையில் ஆபரேஷன் என்பீர்கள், வலி வரும்வரை எவ்வளவு நாள் காத்திருப்பீர்கள், ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, குழந்தையைப் பெட்டியில் வைக்க வேண்டி வந்தால் அந்தச் செலவு பேக்கேஜில் சேருமா. பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பேக்கேஜ் பிய்ந்துபோகும். பதில் சொல்ல எரிச்சல்படுகிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள், அரசு மருத்துவமனையையும் சேர்த்து. அங்கே போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வருமானத் தகுதி இருந்தால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியும் உண்டு. எங்கே பெற்றாலும் பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தருகிற எண்ணை, மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும்.

கேள்வி: என் கணவர் நல்லவர்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் “உனக்கு என்ன வேணும் சொல்லு, செய்யறேன்” என்கிறார். சொல்லிச் சொல்லியே களைத்துவிட்டேன். இதைச் சொன்னால் கொழுப்பு என்பார்களோ?
(வாசகி, சென்னை)

பதில்: சொல்வார்கள், விடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதும் ஒரு வேலைதான், அதை மொத்தமாக உங்கள் தலையில் வைத்துவிட்டார். ஆகவே வேலையைக் கொடுக்காமல் துறையையே கொடுத்துவிடுங்கள். மாத்திரை தீருவதற்குள் வாங்குவது, அடுத்த செக்கப் தேதி, ஃபைல், பிக்மி, ராத்திரியில் வண்டி எங்கே கிடைக்கும் என்பது எல்லாம் அவருடையது, நீங்கள் ஞாபகப்படுத்தவே கூடாது. ஒருமுறை மாத்திரை தீர்ந்துபோய் அவர் பதினொரு மணிக்கு மருந்துக்கடை தேடி ஓடினால் பிறகு தானே வழிக்கு வருவார். இன்னொன்றை அவர் கட்டாயம் மனப்பாடம் செய்ய வேண்டும்: ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவது, விடாத தலைவலியோடு கண் மங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் அம்மாவையோ அத்தையையோ கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே மருத்துவமனைக்கு. வண்டி இல்லையென்றால் 108.

விடுப்பு விஷயம். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு, தனியார் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. அதனால் அவர் இப்போதிருந்தே லீவைச் சேர்த்து வைக்கட்டும். அதை எல்லாவற்றையும் பிரசவ வாரத்திலேயே செலவழிக்க வேண்டாம், அப்போது பார்க்க வருகிறவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுக்கத்தான் அது பயன்படும். நீங்கள் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்து, கூட ஆள் இல்லாமல், குழந்தை ராத்திரி முழுக்க விழித்திருக்கிற அந்த முதல் இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.