பஸ் ஸ்டாண்டில் தொலைந்த அப்பா

கேள்வி: மறதி நோய் உள்ள என் அப்பா போன மாதம் பஸ் ஸ்டாண்டில் தொலைந்துபோய், மறுநாள் வேறு ஊரில் கிடைத்தார். போலீஸ்காரர்கள் ராத்திரி முழுக்க சிசிடிவி பதிவை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். போட்டோவைக் கொடுத்தால் எந்த கேமராவில் இருக்கிறார் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடாதா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அப்பா கிடைத்துவிட்டாரே, அதுவே பெரிய நிம்மதி.

இந்தப் பக்கத்துக்கு வருமுன் எட்டு வருடம் கேமரா மாட்டித்தான் பிழைத்தேன். கைக்கு எட்டினால் யாராவது திருப்பிவிடுவார்கள் என்று 12 அடி உயரத்தில் மாட்டுவோம். அங்கிருந்து தெரிவது பாதி உச்சந்தலைதான். அப்பா குனிந்து நடப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

2018இல் டெல்லி போலீஸ் முக அடையாள மென்பொருளால் நான்கே நாளில் காணாமல் போன சுமார் 3,000 குழந்தைகளை அடையாளம் கண்டதாகச் செய்தி வந்தது. அது காப்பகங்களில் இருந்த 45,000 குழந்தைகளின் படங்களோடு படங்களை ஒப்பிட்டது. கூட்டத்தில் நடந்துபோகிற ஆளைத் தேடுவது வேறு வேலை. மென்பொருள் முகத்தை எண்களாக்கி, உங்கள் போட்டோவின் எண்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடும். எத்தனைக்கு மேல் போனால் மணியடிக்க வேண்டும் என்பதை ஒரு ஆள்தான் முடிவு செய்து வைக்கிறார்.

ஆயிரம் முகத்துக்கு ஒன்றுதான் தவறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தினம் 50,000 பேர் வந்துபோகும் பஸ் ஸ்டாண்டில் அது 50 பொய் அப்பாக்கள்! வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் 2017 சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப்போட்டியின்போது இப்படித்தான் ஆனது. 2,470 முறை மணியடித்தது. அதில் 2,297 தவறு.

சரி, எங்கேயுமே நடக்காதா? நடந்திருக்கிறது. அதே 2017இல் சீனாவின் குய்யாங் நகரில் பிபிசி செய்தியாளர் ஜான் சட்வொர்த் தன் போட்டோவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். ஏழே நிமிடத்தில் போலீஸ் பிடித்துவிட்டது. அங்கே ஊர் கேமராக்கள் போலீஸின் ஒரே கட்டுப்பாட்டு அறையில் போய் முடிகின்றன. நம் ஊரில் டீக்கடை கேமராவின் பதிவு டீக்கடையின் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியில், பாஸ்வேர்ட் வெளியூர் போன முதலாளியின் மகனிடம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்தால் உங்கள் அப்பா சீக்கிரம் கிடைப்பார்தான். ஆனால் தொலையாமல் சும்மா நடந்துபோகிற நீங்களும் நானும் அதே அறையில் தெரிவோம். அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த முறை அப்பாவை வெளியே கூட்டிப்போகும்போது, வாசலிலேயே தலை முதல் கால் வரை ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். பதிவைப் பார்க்கிற ஏட்டு முதலில் கேட்பது சட்டை என்ன நிறம், காலில் செருப்பா ஷூவா, கையில் பை இருந்ததா என்றுதான்.