வேலையை விடாமல் விமானப் பயிற்றுநர் ஆக முடியுமா?

டாலஸில் மென்பொருள் வேலை, வயது 34, இரண்டு குழந்தைகள், நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு காலம், எவ்வளவு சம்பளம் என்பது உங்கள் கேள்வி.

முழுநேரமாகப் பறந்தால் ஒன்றரை ஆண்டுக்குள் முடியும். வார இறுதிகளில் மட்டும் என்றால் மூன்று ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்காமல் சொந்தமாகப் பறக்கும் தனியார் விமானி உரிமத்துக்குச் சட்டப்படி 40 மணி நேரம் பறந்தால் போதும்; பெரும்பாலோருக்கு 60ஐத் தாண்டும். சம்பளத்துக்குப் பறக்க வேண்டிய வணிக விமானி உரிமத்துக்கு வழக்கமாக 250 மணி நேரம். அதற்குப் பிறகுதான் பயிற்றுநர் தேர்வு. அதில் வாய்மொழிப் பகுதியே பல மணி நேரம் நீளும்.

நான் தடுமாறியது பயிற்றுநர் உட்காரும் வலது இருக்கையில். இடப்பக்கமிருந்து கண்ணுக்குப் பழகிய ஓடுபாதை, அங்கிருந்து கோணலாகத் தெரிந்தது. முதல் பத்துத் தரையிறக்கங்களும் மையக்கோட்டுக்கு வெளியேதான்.

சம்பளம் மணிக்கணக்கில். முதல் ஆண்டில் எனக்கு மணிக்கு 28 டாலர். மாணவருடன் இருந்த நேரத்துக்கு மட்டும். டெக்சாஸ் வசந்தத்தில் இடி மின்னல் வந்தால் அன்று வருமானமே இல்லை. வகுப்பறை நேரத்துக்கும் கூலி உண்டா என்று சேருமுன் கட்டாயம் கேளுங்கள்.

பலர் விமான நிறுவனங்களில் சேர வழக்கமாகத் தேவைப்படும் 1,500 மணி நேரப் பறப்பு சேர்ந்ததும் அங்கே போய்விடுகிறார்கள். உங்கள் குறிக்கோளும் அதுவா? இல்லையென்றால் வேலையை விடாதீர்கள். சனி, ஞாயிறுகளில் கற்பியுங்கள். குழந்தைகளின் மருத்துவக் காப்பீடும் கையில் இருக்கும். பயிற்சிக்கு முதல் டாலரைக் கட்டுமுன் விமானிக்கான மருத்துவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள்.