ஓபிக்கு எவ்வளவு, பாட்டுக்கு எவ்வளவு? ஜப்பான் ஆல்பம் வாங்குவோர் கேள்விகள்

போன இதழில் பழைய ஸ்டீரியோ வாங்குவது பற்றி எழுதியபோது, எந்த ஸ்பீக்கரையும் கேசியோபியா என்ற ஜப்பானிய ஃப்யூஷன் (ஜாஸும் ராக்கும் கலந்த இசை) குழுவின் ‘மின்ட் ஜாம்ஸ்’ ஆல்பத்தைப் போட்டுத்தான் சோதிப்பேன் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். ஸ்பீக்கரை விட்டுவிட்டு எல்லோரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, ஜப்பான் ஆல்பம் வாங்குவது பற்றியே கேள்வி அனுப்பிவிட்டார்கள். மிக்ஸி, வாட்டர் ஹீட்டர் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இருபது வருடமாக ஜப்பானிய ராக், பாப், ஃப்யூஷன் ஆல்பங்களில் சம்பளத்தின் ஒரு பங்கைத் தொலைத்தவன் என்பதுதான் பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி.

கேள்வி: ஜப்பானியப் பாடகி மரியா தகேயுச்சியின் ‘வெரைட்டி’ எல்பி தேடுகிறேன். ‘பிளாஸ்டிக் லவ்’ இருக்கும் ஆல்பம் அதுதானே? ஒருவர் ‘ஓபியுடன்’ என்று ஒரு விலை சொல்கிறார், ‘ஓபி இல்லை’ என்றால் பாதி விலை. ஓபி என்றால் என்ன, அதற்கு இவ்வளவு பணமா? (கோவை வாசகர்)

அதேதான், 1984-இல் வந்த ஆல்பம். கிமோனோவின் இடுப்பில் சுற்றும் துணிப்பட்டைக்கு ஓபி என்று பெயர். எல்பி உறையின் இடது ஓரத்தை அணைத்தபடி ஒரு காகிதப் பட்டை இருக்கும், முன்பக்கம் சுமார் நாலு விரற்கடை அகலம். அதுதான் உங்கள் விற்பனையாளர் சொல்லும் ஓபி. ஆல்பம் பெயர், விலை, கம்பெனி எண், இரண்டு வரி விளம்பரம் எல்லாம் அதில் இருக்கும். வாங்கியவர்களில் பலர் புதுச் சட்டையின் அட்டையைப் போல அதை உருவி எறிந்துவிட்டார்கள். நாற்பது வருடம் கழித்து எறியாதவர்களின் பிரதிக்கு மவுசு. விஷயம் அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வட்டு அதே வட்டு. ஓபியால் ஊசிக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

கேட்க வாங்குகிறீர்கள் என்றால் ஓபி இல்லாததை வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல ஊசி ஒன்று போடுங்கள். பின்னால் விற்கும் எண்ணம் இருந்தால் ஓபியோடு வாங்குங்கள், ஆனால் எண்ணைச் சரிபார்த்த பிறகு. பாடகர் எய்ச்சி ஓதாகியின் ‘எ லாங் வெகேஷன்’ (1981) முதல் பதிப்பின் எண் 27ஏஎச் 1234. முன்னால் உள்ள 27, அன்றைய விலையான 2,700 யென்னைக் குறிக்கிறது. அந்தக் காலத்துப் பல கம்பெனிகள் இப்படி விலையை எண்ணுக்குள்ளேயே வைத்துவிடும். ஓபி, உறையின் முதுகு, வட்டின் லேபிள் மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஓபியில் மட்டும் வேறு எண் என்றால் அது வேறு பதிப்பிலிருந்து கழற்றி மாட்டியது. விற்பவரிடம் மூன்று புகைப்படம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்று. எல்பிதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால், ‘வெரைட்டி’ ஆல்பத்தின் 30-ஆம் ஆண்டுப் பதிப்பு 2014-இல் ரீமாஸ்டர் செய்து (ஒலியைப் புதிதாகச் சீர்செய்து), கூடுதல் பாடல்களோடு சிடியாக வந்தது. பழைய எல்பிக்கு ஆகும் செலவில் சின்னப் பகுதிதான் அதற்கு ஆகும்.

கேள்வி: ஒரே ஆல்பம் சாதா சிடி, எஸ்எச்எம்-சிடி, ப்ளூ-ஸ்பெக் சிடி2 என்று மூன்று பெயரில் கிடைக்கிறது. எதில் ஒலி உசத்தி? (சென்னை)

எஸ்எச்எம் 2008-இல் வந்தது. வட்டைச் செய்யும் பிளாஸ்டிக் வேறு ரகம், எல்சிடி திரைக்கு உருவாக்கிய ரகத்திலிருந்து வந்தது. ப்ளூ-ஸ்பெக் சோனியுடையது. அச்சுத் தகடு வெட்டும் முறை வேறு. இரண்டுமே சாதாரண சிடி பிளேயரில் ஓடும், இரண்டிலும் இருப்பது சாதா சிடியில் உள்ள அதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தகவல். தட்டு வெள்ளியானாலும் எவர்சில்வரானாலும் இட்லி ஒன்றுதான் என்பது என் கட்சி. நண்பர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

நிஜமான வித்தியாசம் மாஸ்டரிங்கில், அதாவது வட்டுக்குப் போகும் முன் ஒலியைச் சீர்செய்யும் கடைசி வேலையில் இருக்கிறது. அதனால் வட்டின் பெயரைப் பார்க்காமல் எந்த வருடம் ரீமாஸ்டர் செய்தார்கள் என்று பாருங்கள். ஓபியில் எழுதியிருக்கும். மொபைல் கேமராவில் மொழிபெயர்த்துப் படிக்கலாம்.

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஸ்எச்எம்-சிடி என்று நினைத்து எஸ்எச்எம்-எஸ்ஏசிடி ஒன்றை வாங்கினேன், நடுவில் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். எஸ்ஏசிடி என்பது தனி பிளேயர் கேட்கும் வேறு ரக வட்டு. அதிலேயே ஹைப்ரிட் என்றால் சிடி பிளேயரிலும் ஓடும், அதற்கென்று ஒரு அடுக்கு உண்டு. எஸ்எச்எம்-எஸ்ஏசிடியில் அந்த அடுக்கே கிடையாது. என் பிளேயர் வட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ‘நோ டிஸ்க்’ என்றது. அந்த வட்டு இரண்டு வருடம் அலமாரியில் கண்காட்சியாக இருந்தது.

கேள்வி: ஜப்பானியப் பாடகர் தட்சுரோ யமஷிதா பாடல்கள் எந்தச் செயலியிலும் இல்லையே, ஏன்? சிடி தள்ளுபடியில் எங்கே கிடைக்கும்?

அவர் விருப்பம் அது. ஸ்ட்ரீமிங்கில் தர மறுக்கிறார். 2022-இல் கொடுத்த பேட்டியிலும், அநேகமாகச் சாகும்வரை தர மாட்டேன் என்கிற மாதிரிதான் பேசினார். ஆகவே ‘ஃபார் யூ’ (1982) கேட்க ஆசையென்றால் வட்டுதான் வழி. 1976 முதல் 1982 வரையிலான ஆல்பங்களை 2023-இல் எல்பியாகவும் கேசட்டாகவும் மறுபடி கொண்டுவந்தார்கள். எல்பி வாங்குகிறவர்கள் 1982 பிரதியைத் துரத்தாமல் அதைப் பாருங்கள். நீல வானமும் அமெரிக்கக் கடற்கரைக் கடையுமாக எய்சின் சுசுகி வரைந்த அந்த அட்டையைப் பன்னிரண்டு அங்குலத்தில் பார்ப்பதற்கே பாதிக் காசு செரித்துவிடும். (உறைக்குப் பணம் கொடுக்காதே என்று மேலே உபதேசம் செய்தவன் நான்தான். இது விதிவிலக்கு.)

தள்ளுபடியை மறந்துவிடுங்கள். புத்தகம், பத்திரிகை, இசைத்தட்டு, சிடி இவற்றுக்கு மட்டும் ஜப்பானில் தயாரிப்பாளர் குறித்த விலையிலேயே கடைக்காரர் விற்க வேண்டும் என்று ஏற்பாடு உண்டு. ஏகபோகத் தடைச் சட்டத்திலேயே 1953-இல் இதற்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். அதனால் புது சிடி எந்தக் கடையிலும் கிட்டத்தட்ட ஒரே விலைதான், ஆல்பத்துக்குச் சுமார் 3,000 யென். கடைகள் போட்டி போடுவது பாயின்ட்டிலும் ‘தொகுதென்’ என்கிற இலவச இணைப்பிலும்தான்: போஸ்டர், பிளாஸ்டிக் ஃபைல், ஸ்டிக்கர். ஒரே ஆல்பத்துக்குக் கடைக்குக் கடை வேறு தொகுதென் இருக்கும், விசாரித்து வாங்குங்கள். புது ஜப்பானிய சிடி பாதி விலை என்று யாராவது சொன்னால், அது புதிதா, ஜப்பானியதா என்று இரண்டையும் சந்தேகியுங்கள். மலிவு வேண்டுமென்றால் பழைய சிடிதான். அதில் கட்டுப்பாடு கிடையாது.

கேள்வி: ஃப்யூஷன் என்றாலே லிஃப்டில் கேட்கும் இசை என்று நினைத்திருந்தேன். உங்கள் வரியைப் படித்துவிட்டு ‘மின்ட் ஜாம்ஸ்’ கேட்டேன், தூக்கம் போச்சு. மூன்று ஆல்பம் மட்டும் சொல்லுங்கள். (டோக்கியோ, நிஷி-கசாய்)

வாருங்கள், வாருங்கள். முதலாவதை நீங்களே கேட்டுவிட்டீர்கள். ஆனால் வாங்கவில்லையே, ஆகவே அதுவும் கணக்கில் வரும்.

1982 பிப்ரவரியில் டோக்கியோவின் ட்சுகிஜியில், மீன் சந்தைக்குப் பேர்போன அதே ட்சுகிஜியில், ஒரு அரங்கக் கச்சேரியில் பதிவு செய்தது ‘மின்ட் ஜாம்ஸ்’. ரசிகர்களின் கைதட்டலை ஏறக்குறைய முழுக்க எடுத்துவிட்டார்கள். அதனால் ஸ்டுடியோ சுத்தமும் இருக்கும், மேடையின் சூடும் இருக்கும். நாலே பேர். இரண்டாவது பாட்டு ‘அசயாகே’, விடியற்காலைச் செவ்வானம் என்று பொருள். இஸ்ஸெய் நோரோவின் கிதார் ஆரம்பத்தில் நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டு போகுமே, மட்டமான ஸ்பீக்கரில் அது தகர டப்பா சத்தமாகிவிடும். நல்ல ஸ்பீக்கரில் விரல் கம்பியை அமுக்கி நிறுத்துவதுகூடக் கேட்கும். ‘டொமினோ லைன்’ பாட்டில் டெட்சுவோ சகுராயின் பேஸ் தனி ஆவர்த்தனம் வரும்போது வீட்டில் ஜன்னல் கதவைச் சாத்திவிடுவேன், பக்கத்து வீட்டுக்காரருக்காக.

உங்களுக்கு மட்டும் ஒரு செய்தி. அந்த நாலு பேரில் கீபோர்டு வாசித்த மினொரு முகாயா, பிற்காலத்தில் ரயில் நிலைய மெலடிகள் போட ஆரம்பித்தார். நிஷி-கசாயில் நீங்கள் ஏறும் தோசாய் லைனில் ரயில் புறப்படும்போது ஒலிக்கிறதே, அதுவும் அவருடையதுதான், 2015-இல் வந்தது. நிலையத்துக்கு நிலையம் வரும் துண்டுகளை வரிசையாகச் சேர்த்தால் ஒரே பாட்டாக வரும்படி போட்டிருக்கிறார். நாளைக் காலை ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்.

இரண்டாவது, கிதார் கலைஞர் மசயோஷி தகனாகாவின் ‘செய்ஷெல்ஸ்’, 1976. தனியாக அவர் போட்ட முதல் ஆல்பம். கடற்கரை, வெயில், சோம்பல். மழை நாளில் கேட்க வேண்டாம், லீவு போட்டுவிடுவீர்கள். பிடித்துப்போனால் 1981-இல் வந்த இரட்டை எல்பி ‘தி ரெயின்போ காப்ளின்ஸ்’ பக்கம் போகலாம்.

மூன்றாவது டி-ஸ்கொயரின் ‘ட்ரூத்’, 1987. ஃபுஜி டிவியின் எஃப்1 கார் பந்தய ஒளிபரப்புக்கு முகப்பு இசையாகப் போட்டதால், ஜாஸ் பக்கமே போகாத ஜப்பானியர்களுக்கும் அந்த மெட்டு தெரியும். மெட்டைத் தூக்கிக்கொண்டு போவது சாக்ஸபோன் இல்லை, ஊதி வாசிக்கும் மின்னணு வாத்தியம். ஆல்பம் முழுவதும் அதே வேகத்தில் இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மூன்றையும் பழைய சிடியாக வாங்குங்கள். அங்கேயே இருப்பவருக்கு இது சுலபம். ஒச்சானோமிசு, ஷின்ஜுகு டிஸ்க் யூனியன் கடைகளில் தரம் பிரித்து எழுத்து ஒட்டியிருப்பார்கள். ஜப்பானில் அந்தத் தரம் பிரிப்பு கறாராக இருக்கும், ‘பி’ என்று போட்டதைப் பார்த்தால் என்ன குறை என்றே நமக்குப் புரியாது. அதற்கு முன் வீட்டுப் பக்கத்து புக்-ஆஃப் கடையின் மலிவு அலமாரியை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். ‘ஜங்க்’ என்று எழுதிய பெட்டியில் எடுத்தால் திருப்பித் தர முடியாது. கவுண்டரிலேயே பெட்டியைத் திறந்து, உள்ளே அதே வட்டுதான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை நான் பார்க்கவில்லை. ராக் ஆல்பம் என்று எடுத்ததற்குள் ஆங்கிலப் பயிற்சி சிடி இருந்தது.

ஊரிலிருந்து சுற்றுலா வரும் நண்பர் இருந்தால் பாஸ்போர்ட்டோடு கூட்டிப் போங்கள். வரிவிலக்கு உள்ள கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கினால் 10 சதவீத வரி அவருக்கு மிச்சம். 2026 நவம்பர் முதல் தேதியிலிருந்து முதலில் வரி கட்டி, பின் திரும்பப் பெறும் முறை. வேலை பார்க்கும் உங்களுக்கு இது கிடையாது.

கேள்வி: ஜப்பானிய இணைய ஏலத்தில் 1,200 யென் சிடி ஒன்று எடுத்தேன். கைக்கு வந்தபோது மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, கணக்கே அப்படித்தான். இடைத்தரகர் சேவை மூலம் எடுத்தால் பொருளின் விலை, ஜப்பானுக்குள் அவர்கள் கிடங்குக்கு வரும் தபால் செலவு, தரகுக் கூலி, நம் நாட்டுக்கு வரும் தபால் செலவு, அப்புறம் சுங்கம். அந்தச் சுங்கமும் சிடி விலைக்கு மட்டும் இல்லை, தபால் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு. ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பச் சொல்லும் பழைய உத்தியும் எடுபடாது. 5,000 ரூபாய் வரையான பரிசுப் பொருளுக்கு இருந்த விலக்கை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள்.

ஒற்றை சிடியாக எடுக்காதீர்கள். ஐந்தாறு சேரும்வரை கிடங்கில் வைத்து ஒரே பெட்டியாக வரவழையுங்கள். எத்தனை நாள் இலவசமாக வைத்திருப்பார்கள் என்று மட்டும் முதலில் பாருங்கள். எல்பி என்றால், வட்டை உறைக்கு வெளியே எடுத்துத் தனியாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் பெட்டி குலுங்கும்போது வட்டின் விளிம்பு உறையின் ஒட்டைப் பிளந்துவிடும். விவரத்தில் ‘நோ கிளெய்ம், நோ ரிட்டர்ன்’ என்று இருந்தால், வளைந்த வட்டு வந்தாலும் வாயைத் திறக்க முடியாது. என்னிடம் ஒரு தகனாகா இருக்கிறது, அப்பளம் மாதிரி.

கேள்வி: தொண்ணூறுகளின் சின்ன 8 சென்டிமீட்டர் சிங்கிள் சிடி, கார் ஸ்டீரியோவில் ஓடுமா?

உள்ளே இழுத்துக்கொள்ளும் ரகமா? போடாதீர்கள். மெக்கானிக் செலவு சிடி விலையைத் தாண்டும். நடுவில் சின்னப் பள்ளம் உள்ள தட்டு ரக பிளேயரில் ஓடும்.

கேள்வி: ஜப்பானிய கச்சேரி ப்ளூ-ரே இங்கே ஓடுமா?

ஜப்பான் மண்டலம் ‘ஏ’, இந்தியா ‘சி’. மண்டலப் பூட்டுள்ள வட்டு என்றால் இங்குள்ள பிளேயர் எடுக்காது. டிவிடியிலும் அங்கே 2, இங்கே 5. ‘ஆல் ரீஜன்’ என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ‘எ லாங் வெகேஷன்’ 20, 30, 40-ஆம் ஆண்டு என்று பதிப்பு பதிப்பாக வருகிறது. எதை வாங்குவது? ஏற்கெனவே என்னிடம் ஒன்று இருப்பதால் வீட்டில் முறைக்கிறார்கள்.

உலகில் முதன்முதலாகக் கடைக்கு சிடிகள் வந்த 1982 அக்டோபர் 1 அன்றே, அந்த முதல் வரிசையில் இருந்த ஆல்பம் இது. அன்றிலிருந்து விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். 2021-இல் 40-ஆம் ஆண்டுப் பதிப்பு வந்த நாளிலேயே ஸ்ட்ரீமிங்கிலும் திறந்துவிட்டார்கள். காசில்லாமல் முதலில் அதைக் கேளுங்கள். உங்கள் பழைய சிடியையும் அதையும் ஒரே அளவு சத்தத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, வித்தியாசம் காதுக்கு எட்டினால் மட்டும் வாங்குங்கள். எட்டவில்லை என்றால் இருப்பதே போதும்.

நான் அப்படிச் செய்தேனா என்று கேட்காதீர்கள். 30-உம் 40-உம் என்னிடம் இருக்கின்றன. 2031-இல் 50-ஆம் ஆண்டு, உண்டியல் வைத்தாயிற்று.