அந்தப் பழைய சாம்பியனோடு நான் மோதலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 24 வயது. தொழில்முறைக் குத்துச்சண்டை வீரன். இதுவரை 11 போட்டிகள் ஆடி 11-லும் வென்றிருக்கிறேன். அடுத்த போட்டிக்கு அமைப்பாளர் ஒரு பெயரைச் சொல்கிறார். ஒரு காலத்தில் உலகப் பட்டம் வைத்திருந்தவர். இப்போது 39 வயது. கடைசி ஐந்து போட்டிகளில் நான்கில் தோற்றுவிட்டார். அவற்றில் இரண்டு நாக் அவுட். நான் பள்ளியில் படித்தபோது அவருடைய படம் என் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. இதுவரை நான் வாங்கியதைவிட மூன்று மடங்கு பணம் தருவதாகச் சொல்கிறார்கள். அப்பா ஒத்துக்கொள் என்கிறார். பயிற்சியாளர் வேண்டாம் என்கிறார். "நீ இல்லாவிட்டால் இன்னொருவன் அவரை அடிக்கத்தான் போகிறான்" என்கிறார் அமைப்பாளர். நான் என்ன செய்வது? (பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.)

பதில்: தம்பி, உங்கள் பயிற்சியாளர் பக்கம்தான் நானும் நிற்கிறேன். இந்தப் போட்டிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் என்ன காரணம் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தோன்றும் காரணங்களை எழுதுகிறேன். அப்பாவிடமும் படித்துக் காட்டுங்கள்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வயது, வெற்றிக் கணக்கு, பணம் எல்லாம் முடிவெடுக்கத் தேவையான விவரங்கள். எழுதித்தான் ஆக வேண்டும். சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பற்றி எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அந்த உறுத்தலைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களைவிடப் பெரிய வீரர் ஒருவர் அதே உறுத்தலோடு ரிங்கில் ஏறி, அழுதுகொண்டு இறங்கியிருக்கிறார்.

லேரி ஹோம்ஸ் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஈஸ்டன் என்ற ஊர்க்காரர். அதே மாநிலத்தில் டீர் லேக் என்ற இடத்தில் முகமது அலி பயிற்சி முகாம் வைத்திருந்தார். 1970-களில் ஹோம்ஸ் அங்கே அலிக்கு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) ஆடக் கூலிக்குப் போனவர். தினமும் அலியின் கையால் அடி வாங்கித் தொழில் கற்றவர். 1978-இல் அவரே ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1980 அக்டோபர் 2 அன்று, லாஸ் வேகஸ் சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் எழுப்பிய தற்காலிக அரங்கில், 35 போட்டிகளில் 35-ஐயும் வென்றவராக, தன் பழைய முதலாளியை எதிர்த்து நின்றார். ஹோம்ஸுக்கு 30 வயது. அலிக்கு 38. இரண்டு ஆண்டுகளாக அலி எந்தப் போட்டியிலும் இறங்கியிருக்கவில்லை.

அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போயிருந்தார். எம்.ஜி.ஆரோடு அவர் நிற்கும் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்து வைத்துக்கொண்ட பையன்களில் நானும் ஒருவன். அதனால் உங்கள் சுவர்ப் படம் எனக்குப் புரிகிறது. அக்டோபரில் முடிவு தெரிந்த அன்று, வெட்டி வைத்த படத்தை எடுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

லாஸ் வேகஸில் அலி பார்ப்பதற்குப் பழைய அலியாகவே இருந்தார். உடம்பு இளைத்திருந்தார், நரைத்த முடிக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார். தைராய்டு மாத்திரையும் சாப்பிட்டு வந்தார்; இளைத்த உடம்பில் சக்தி மிஞ்சவில்லை. மணி அடித்ததும் அது வெளிப்பட்டுவிட்டது. பத்துச் சுற்றுகள் நடந்தன. புள்ளி போட்ட நடுவர்கள் மூவரும் அவற்றில் ஒரு சுற்றைக்கூட அலிக்குக் கொடுக்கவில்லை. ஹோம்ஸுக்கு மனம் பொறுக்கவில்லை. வேகத்தைக் குறைத்தார், ரெஃப்ரியைப் பார்த்து நிறுத்துங்கள் என்று கேட்டார். கடைசியில் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி பத்தாவது சுற்று முடிந்ததும் போதும் என்று நிறுத்தினார். அலி தொழில்முறையில் ஆடியவை 61 போட்டிகள். அவரால் தொடர முடியாமல் பாதியில் நின்றது இது ஒன்றுதான். அன்று இரவு ஹோம்ஸ் அலியின் அறைக்குப் போய் அழுதார்.

இந்தக் கதையை எல்லாரும் ஹோம்ஸின் நல்ல மனதுக்குச் சான்றாகச் சொல்வார்கள். நான் இதில் வேறொன்றைப் பார்க்கிறேன். ஹோம்ஸ் இரக்கப்பட்டதால் அலிக்கு அடி குறையவில்லை, நீண்டது. மூன்றாவது சுற்றில் முழு வலுவோடு அடித்து முடித்திருந்தால் மீதி ஏழு சுற்று அடி அந்தத் தலையில் விழுந்திருக்காது. ரிங்குக்குள் ஏறிய பிறகு நீங்கள் எதிராளிக்குக் காட்டக்கூடிய கருணை எதுவும் இல்லை, தம்பி. முழுதாக அடித்தாலும் கேடு, பாதியாக அடித்தாலும் கேடு. காட்ட வேண்டிய கருணையை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் காட்டிவிட வேண்டும். உங்களிடம் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

"மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது" என்று உங்களிடம் சொல்வார்கள். அலியிடமும் இருந்தது. அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, 1977-இல் எர்னி ஷேவர்ஸோடு நடந்த போட்டிக்குப் பிறகு, சிறுநீரகம் பழுதடைகிறது, இனி ஆடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். ஹோம்ஸ் போட்டிக்கு முன் அலியை மேயோ கிளினிக்கில் பரிசோதித்தார்கள். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னபோது எதிர்பார்த்தபடி குதிக்க வரவில்லை என்பது அந்த அறிக்கையிலேயே இருந்தது. அதன் பிறகும் நெவாடா மாநில ஆணையம் உரிமம் வழங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1984-இல், அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. ஒரு போட்டியால் வந்த நோய் அது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்துச் சுற்றுகளைத் தன் கையால் கொடுத்தவர் யாரென்று ஹோம்ஸுக்குத் தெரியும்.

அப்பாவின் பக்கத்துக்கு வருகிறேன். பழைய சாம்பியனை வென்றால் பெயர் வரும் என்று அவர் நினைக்கிறார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். ஆனால் அந்தப் பொன் அமைப்பாளருக்குத்தான் போகும். வேல்ஸ் வீரர் ஜோ கால்சாகியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 நவம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், 45 போட்டிகளில் தோல்வியே காணாதவராக, 39 வயது ராய் ஜோன்ஸோடு மோதினார். 1990-களில் ராய் ஜோன்ஸைத் தொடவே யாராலும் முடியாது. 2004-இல் இரண்டு முறை அடுத்தடுத்து நாக் அவுட் ஆன பிறகு அவர் அந்தப் பழைய ஜோன்ஸ் இல்லை என்று ஊருக்கே தெரிந்திருந்தது. கால்சாகி எளிதாக வென்றார். இன்று அவரைப் புகழ்பவர்கள் எந்தப் போட்டியைச் சொல்கிறார்கள்? அதற்கு முந்தைய ஆண்டு கார்டிஃபில், நல்ல வயதில், தோல்வியே அறியாதவராக வந்த மிக்கேல் கெஸ்லரை வென்றதைத்தான் சொல்கிறார்கள். ஜோன்ஸ் பெயரை எடுத்தால் உடனே "ஆனால், அப்போது அவருக்கு வயதாகிவிட்டது" என்ற வால் சேர்ந்துகொள்கிறது. உங்கள் வெற்றியோடும் அந்த வால் சேரும்.

அதே கால்சாகி முதல் சுற்றிலேயே ஜோன்ஸின் அடியில் கீழே விழுந்து எழுந்தார் என்பதையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். வயதாகும்போது குத்துச்சண்டை வீரனுக்கு முதலில் போவது கால். அடுத்து, வரும் குத்தைக் கண்டு தலையை விலக்கும் அந்தக் கண நேர வேகம். கையில் இருக்கும் கனம் கடைசியில்தான் போகும். மைக்கேல் மூரர் 26 வயதில், 35 போட்டிகளில் தோல்வியே இல்லாத உலகச் சாம்பியனாக, 45 வயது ஜார்ஜ் ஃபோர்மேனோடு 1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகஸில் மோதினார். ஃபோர்மேன் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் அலியிடம் பட்டத்தை இழந்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒன்பது சுற்றுகள் மூரர்தான் முன்னிலையில் இருந்தார். எதிரிலேயே நிற்காதே, நகர்ந்துகொண்டே இரு என்று அவருடைய பயிற்சியாளர் கத்திக்கொண்டே இருந்தார். பத்தாவது சுற்றில் ஃபோர்மேனின் வலது கை ஒருமுறை சரியாக விழுந்தது. மூரர் எழவில்லை. ஆக, வென்றால் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம். தோற்றால் 11 போட்டிகளின் உழைப்பும் ஒரே இரவில் கேள்விக்குள்ளாகும்.

பணத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். மூன்று மடங்கு என்பது உங்கள் வீட்டில் எந்தக் கடனை அடைக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவருக்கும் வீட்டில் தேவை இருக்கலாம். 25 முறை பட்டத்தைக் காத்த ஜோ லூயிஸ், ஓய்வு பெற்ற பிறகு வருமான வரிக் கடனுக்காகத்தான் மீண்டும் கையுறை மாட்டினார். 1951 அக்டோபரில், தோல்வியே காணாத ராக்கி மார்சியானோ, 37 வயதான அவரை எட்டாவது சுற்றில் கயிறுகளுக்கு வெளியே விழும்படி அடித்தார். சிறுவயதிலிருந்து லூயிஸை வணங்கி வளர்ந்தவர் மார்சியானோ. வென்றவர் அவர்தான், அழுதவரும் அவர்தான். 49 வெற்றி, தோல்வி இல்லை என்று ஓய்வு பெற்றாரே, அந்தக் கணக்கில் அந்த இரவும் ஒன்று.

அமைப்பாளர் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன்: நீ இல்லாவிட்டால் இன்னொருவன். இதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஹோம்ஸிடம் அப்படி அடி வாங்கிய பிறகும் அலி நிற்கவில்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக் என்பவரோடு ஆடித் தோற்றுவிட்டுத்தான் ஓய்ந்தார். நீங்கள் மறுப்பதால் உங்கள் பழைய சாம்பியன் காப்பாற்றப்படுவார் என்று நான் உறுதி தர முடியாது. அவரைக் காப்பது அவருடைய வீட்டாருக்கும், மருத்துவருக்கும், உரிமம் கொடுக்கும் அதிகாரிகளுக்கும் உள்ள கடமை. உங்களுடைய இரண்டு கைகள் மட்டும்தான் உங்கள் பொறுப்பு. அதை அமைப்பாளரின் கணக்கில் எழுதிவிட முடியாது.

ஹோம்ஸுக்குப் பிற்காலத்தில் என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். 1985-இல் 48 வெற்றிகளோடு நின்றபோது, மார்சியானோவின் கணக்குக்கு ஒன்றே ஒன்று குறைவாக, மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். மறுமுறையும் தோற்று ஒதுங்கியிருந்தவரை, 1988 ஜனவரியில் பெரும் பணத்தைக் காட்டி 21 வயது மைக் டைசனுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். டைசன் அதுவரை தோற்றதே இல்லை. ஹோம்ஸுக்கு அப்போது 38 வயது. லாஸ் வேகஸில் அலிக்கு இருந்த அதே வயது. நான்காவது சுற்றில் மூன்று முறை விழுந்தார். அவர் ஆடிய அத்தனை போட்டிகளிலும் அவரை நிறுத்த முடிந்தவர் டைசன் ஒருவர்தான். அலி அன்று ரிங் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு நெருக்கடியால் வேறு வழியே இல்லை என்று முடிவானால், சிலவற்றையாவது எழுத்தில் கேளுங்கள். அவருடைய மூளை ஸ்கேன் சமீபத்தியதாக இருக்க வேண்டும். அதை உங்கள் தரப்பு மருத்துவர் பார்க்க வேண்டும். பத்துச் சுற்றை எட்டாகவோ ஆறாகவோ குறைக்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் அவரை ஒருமுறை நேரில் சந்தித்து அரை மணி நேரம் பேசுங்கள். பேச்சு குழறுகிறதா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். குழறினால், என்ன பணம் தந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் நான் விரும்புவது வேறு. அமைப்பாளரிடம் போய், 26, 27 வயதில், உங்களைப் போலவே வென்றுகொண்டிருக்கும் ஒருவரைக் கேளுங்கள். பணம் குறையும். தோற்கவும் வாய்ப்பு உண்டு. அப்படி ஒருவரிடம் தோற்றாலும் உங்கள் பயிற்சியாளர் உங்களைக் கைவிட மாட்டார் என்று நம்புகிறேன்.

அந்தப் போட்டிக்குத் தயாராகும் ஆறு வாரங்களுக்கு, சம்பளம் பேசி, உங்கள் பழைய சாம்பியனை முகாமுக்கு அழையுங்கள். ஸ்பாரிங் வேண்டாம், அந்தத் தலையில் இனி ஒரு குத்தும் விழக் கூடாது. கயிற்றுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரட்டும். உலகப் பட்டத்துக்காக ஆடும் இரவில் பன்னிரண்டாவது சுற்றில் மூச்சை எப்படிப் பிடித்துவைப்பது என்று உங்கள் பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்காது. அவருக்குத் தெரியும். முதல் நாள் அவர் வரும்போது அந்தச் சுவர்ப் படத்தையும் எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.